பதில் தட்டு

ஒலிப்பதிவில் யாரென்று தெரியாத சத்தம் ஏதாவது இருந்திருந்தால் யசோதரா அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டாள். இருந்தது அவளே எழுப்பிய சத்தம். டக், டக், டக். பருப்பு கிளறிக்கொண்டிருந்த கரண்டியால், சமையலறைச் சுவரோரம் போகும் இரும்புக் குழாயில் மூன்று முறை தட்டியிருக்கிறாள். தட்டியதாக அவளுக்கு நினைவே இல்லை.

அந்தப் பதிவு அவள் ஒரு காரியமாக எடுத்தது. பெங்களூருக்கு ரயிலில் போய் அவள் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பல்கலைக்கழகத்தில், எழுத்துக்கலைக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கச் சொல்லித் துறைத்தலைவர் சாம்ராஜ் மாதக்கணக்காக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பாராமல் காலையிலேயே போன் போட்டு, முடிந்ததா என்று கன்னடத்தில் விசாரித்தார்.

"ஆய்த்தா, யசோதரா? நாளைக்கு டீன் பார்ப்பாரு. ஏதாவது புதுசா இருக்கணும். நல்லா எழுதுவது எப்படின்னு சும்மா போட்டா நம்ம பசங்களே தொட மாட்டாங்க."

வலைப்பூவுக்கு 'முதல் வரி' என்று பெயர் வைத்திருந்தாள். முதல் பதிவையும் எழுதிவிட்டாள். கதையின் முதல் வரி என்பது வாசகருக்கு நாம் கொடுக்கும் வாக்கு, கொடுத்தால் காப்பாற்றியாக வேண்டும், காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்கிறவன் கதை எழுதக்கூடாது என்று கொஞ்சம் அதட்டலாகவே எழுதியிருந்தாள். அதற்குக் கீழே ஒரு பயிற்சி. ஒரு சாதாரண வீட்டின் சத்தங்களைக் கேட்டு, மாணவர்கள் ஒரு கதைக்கு முதல் வரி எழுத வேண்டும். அதற்காகத்தான் மதியம் சமைக்கும்போது போனை மேடைமேல் வைத்து ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் பதிவு செய்தாள். குக்கர் விசில், ஓட்டின்மேல் காக்கை, முன்னறையில் தம்பி வேந்தனின் செருமல், அப்புறம் இந்த மூன்று தட்டு.

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினாள். இப்போது மூன்றுக்கு முன்னால் இருந்ததும் கேட்டது. மெதுவாக, இடைவெளி விட்டு, இரும்பின் உள்ளேயிருந்து வரும் தட்டு. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. அது முடிந்த கையோடு அவளுடைய கரண்டி.

இந்தத் தங்கச் சுரங்க ஊரில், ஸ்கெலட்டனில் கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் பிறந்த யாருக்கும் ஐந்து தட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்துக்குள் பாறை சரிந்து வழி அடைத்துக்கொண்டால், உள்ளே மாட்டியவர்கள் கையில் கிடைத்த கல்லால் குழாயில் ஐந்து தட்டுவார்கள். உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். மீட்க வந்தவர்கள் அதே குழாயில் மூன்று தட்டுவார்கள். வருகிறோம் என்று அர்த்தம். மூன்று தட்டிவிட்டால் போயே தீர வேண்டும், வெள்ளைக்காரத் துரையே ஆனாலும் அந்தப் பேச்சை மாற்ற முடியாது என்று அப்பா சொல்வார். பெரியவர்களுக்கு அது வேலை, பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஒருவன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஐந்து தட்டுவான். வெளியே இருப்பவன் மூன்று தட்டி, தவழ்ந்துபோய் அவனை இழுத்து வர வேண்டும். தட்டிவிட்டுப் போகாமல் ஏமாற்றினால், புதைந்தவன் தானே எழுந்து வந்து உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைப்பான். யசோதரா வாங்கிய குட்டுகளுக்குக் கணக்கில்லை.

வேறு ஊரில் பிறந்தவளாக இருந்தால் 'என்ன சத்தம் அது' என்று திரும்பிப் பார்த்திருப்பாள். இவள் கை இவளைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

எழுந்துபோய் குழாயைப் பார்த்தாள். துருவேறிப்போய்ச் சுவரோரமாக வந்து, சிவப்புச் சிமெண்ட் தரைக்குள் இறங்கும் குழாய். சுரங்கத்தை மூடியபிறகு அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. பிடிதுணியைக் காயப்போடத்தான் அது உதவிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். வெயில் நாளில் இரும்பு இப்படி ஜில்லென்று இருக்கக்கூடாது.

"வேந்தா, மத்தியானம் கட்டில்ல தட்டினியா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"இன்னாத்துக்கு?"

"அஞ்சு தட்டு கேட்டுச்சு."

முன்னறையில் வேந்தன் சிரித்தான். பைக்கிலிருந்து விழுந்து, வலது தொடை முதல் பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, இரும்புக் கட்டிலில் கிடக்கிறான். வெளியே தெரிவது அந்தக் காலின் விரல்கள் மட்டும்தான். கட்டின்மேல் சிநேகிதன் ராகேஷ் ஒரு பைக் படம் வரைந்து, 'விற்பனைக்கு' என்று எழுதியிருந்தான்.

"நான் தட்டினா உனுக்குத் தெரியாதாக்கா? நாலு தட்டிட்டு அஞ்சாவத லேட்டா தட்டுவேன். தம்பி செத்துட்டான்னு நீ அழுதுகினே கட்டிலுக்கடியில வருவ."

அது உண்மைதான். அப்பாவும் அம்மாவும் போனபிறகு அவளுக்கென்று இருப்பது இவன் ஒருவன். அந்த ஐந்தாவது தட்டு வரும்வரை சிறுவயதில் அவள் மூச்சு நின்றுவிடும். இப்போதும் அவன் ரயிலைத் தவறவிட்டு வீடு திரும்பத் தாமதித்தால் அதே கதிதான்.

பக்கத்து வீட்டு ஜெயம்மாவாக இருக்கும் என்று போய்ப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆனால் ஜெயம்மா வீட்டில் பூட்டுத் தொங்கியது. பூதிகோட்டையில் உறவுக்காரர் கல்யாணம் என்று நேற்றே கிளம்பிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பேய், பிசாசு என்ற பேச்சுக்கே அந்த வீட்டில் இடம் கிடையாது. புத்தர் படம் மாட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு பூசாரிக் கதை பேசாதே என்று அப்பா அதட்டுவார். வெயிலில் இரும்பு விரிந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான் என்று யசோதரா முடிவு கட்டினாள். சத்தியமாகச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. சாம்ராஜ் கேட்ட புதுசு, கேட்காமலே கையில் வந்து விழுந்துவிட்டது. ஒலித்துண்டைப் பதிவில் சேர்த்து, ஊர் விளையாட்டை நாலு வரியில் விளக்கி, கடைசியில் இப்படி முடித்தாள்: 'ஐந்து தட்டு கேட்கிறதா? நீங்களும் இருக்கும் இடத்தில் மூன்று தட்டுங்கள். தட்டிவிட்டு முதல் வரியை எழுதுங்கள்.'

வெளியிட்டாள். சாம்ராஜிடமிருந்து உடனே ஒரு கட்டைவிரல் வந்தது. வேந்தன் தன் போனில் படித்துவிட்டு, "எல்லாரையும் தட்டச் சொல்லிகிற. வராதவனுக்குக் குட்டு உண்டுன்னு போடலியேக்கா," என்றான்.

சாயங்காலம் காற்றுத் திரும்பியது. தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டுப் புழுதி ஜன்னல் கம்பிகளில் வெள்ளையாகப் படிந்து, அதன்மேல் முதல் தூறல் விழுந்து சேறாக வழிந்தது. பிறகு ஒரேயடியாகக் கொட்டத் தொடங்கிய மழை, ஓட்டின்மேல் விழுந்து பேச்சுக்குரலையே அமுக்கிவிட்டது. யசோதரா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து பின்னூட்டங்களைப் படித்து வேந்தனுக்குச் சத்தமாகச் சொன்னாள். ரூபேஷ் என்ற மாணவன், 'குக்கருக்குள் யாரோ இருந்தார்கள்' என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி, 'காக்கைக்கு எண்ணத் தெரியும்' என்று எழுதியிருந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எல்லோரும் தவறாமல் 'மூணு தட்டிட்டேன் மேடம்' என்று சேர்த்திருந்தார்கள்.

அடுத்தது நளினி. முன்வரிசையில் உட்காரும், எதையும் கவனமாகக் கேட்கும் பெண்.

'மேடம், ஆடியோ சூப்பர். மழைச் சத்தமும் நல்லா பதிவாயிருக்கு. கடைசியில் அலறுவது யார்?'

யசோதராவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பதிவு செய்தபோது மழை இல்லை.

பதிவைத் திறந்தாள். ஒரு நிமிடத்தை எட்டாத ஒலித்துண்டு இப்போது பல நிமிடம் நீண்டிருந்தது. இயர்போனை மாட்டிக்கொண்டாள். குக்கர். காக்கை. செருமல். ஐந்து. அவளுடைய மூன்று. மதியம் அதோடு முடிந்த இடத்தில், இப்போது ஓடுகளின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழைக்குள் அவளே பின்னூட்டம் படிக்கும் குரல். அவளும் வேந்தனும் சிரிக்கும் சத்தம். கொஞ்ச நேரம் மழை எல்லாவற்றையும் அமுக்கியது. பிறகு சிமெண்ட் பிளக்கும் சத்தம். உலர்ந்த மாவுக்கட்டு நொறுங்கும் சத்தம். அதற்குப் பின்னால், தொண்டை கிழிய, அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வரும் ஒரு குரல்.

"அக்கா! வுடாதக்கா!"

இயர்போனைப் பிடுங்கி எறிந்தாள். கட்டிலில் வேந்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"எழுந்திரு. வெளிய போலாம்."

"இந்த மழையில எங்க?"

"கேக்காத. எழுந்திருடா!"

கரண்ட் போனது. ஆண்டர்சன்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் ஜோஸுக்குப் போன் போட்டாள். சிக்னல் இல்லை. பதிவை அழித்துவிடப் பார்த்தாள். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அழியவில்லை. ஆனால் பின்னூட்டங்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. தட்டிட்டேன் மேடம். தட்டிட்டேன். நானும் தட்டிட்டேன்.

அப்போது சமையலறைக் குழாய் பேசியது.

ஐந்து தட்டு. மழையையும் மீறிக் கேட்டது. வேந்தனும் கேட்டான். அவன் முகத்தில் இருந்த கேலி ஒரே நொடியில் வடிந்துபோனது. அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதானே.

"பதில் சொன்னியாக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

ஆமென்று அவள் தலையை ஆட்டினாள். ஊன்றுகோலை எடு என்று அவன் கையை நீட்டினான்.

அவன் தோளுக்கடியில் தலையைக் கொடுத்துத் தூக்கினாள். ஆள் கனம், கட்டின் கனம் வேறு. அப்போது மூக்கில் ஏறியது அந்த வாடை. வெடி போட்ட புகையும் நனைந்த கல்லும் சேர்ந்த வாடை. ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் இருந்த வாடை. பம்புகளை நிறுத்தியபிறகு கீழே சுரங்கத்தின் எல்லா லெவலிலும் தண்ணீர் ஏறிவிட்டது, உள்ளே ஒரு பூச்சிகூட இருக்க முடியாது என்று ஊரே சொல்லும். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். புத்தம் சரணம் என்று வாய் தானாக முணுமுணுத்தது. அடுத்த வரி நினைவுக்கு வரவில்லை.

வாசல் நாலடி தூரம்தான். ஐந்து தட்டு, இப்போது குழாயில் இல்லை. சமையலறைத் தரைக்கு அடியில். இன்னொரு ஐந்து. நிலைப்படிக்கு அடியில். அடுத்த ஐந்து அவள் உள்ளங்காலில் அடித்தது.

சிவப்புத் தரை வெடித்தது.

முதலில் வந்தது ஒரு கை. ஊறி வெளுத்து உப்பிய கை. நகங்கள் இல்லை. அது எதையும் தேடித் தடவவில்லை. நேராக வேந்தனின் தலைமுடியைப் பற்றி, அவனை முகம் குப்புறத் தரையில் அறைந்தது. பல் உடையும் சத்தம். ரத்தம் சிமெண்ட்டில் தெறித்தது. அவன் எழப் பார்த்தான். மறுபடி அறைந்தது. மறுபடியும்.

யசோதரா ஊன்றுகோலால் அடித்தாள். ஊன்றுகோல் இரண்டாக முறிந்தது. ஓடிப்போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்து அந்த மணிக்கட்டின்மேல் போட்டாள். எலும்பு நசுங்கியது. நசுங்கிய கை பிடியை விடவில்லை. விரிசல் அகலமானது. இன்னொரு கை அவன் கழுத்துக்கு வந்தது. ஒன்று வாய்க்குள் நுழைந்து தாடையைப் பற்றி இழுத்தது. தாடை கழன்றது. கைகள். மேலும் கைகள். கீழே கறுப்புத் தண்ணீர் தளும்பியது. அதன் அடியிலிருந்து, கோபமே இல்லாமல், மரியாதையாக, பல பேர் ஒரே குரலில் கேட்டார்கள்.

"வர்றோம்னு சொன்னீங்களே?"

"நான்தான் தட்டினேன்!" என்று கத்தினாள். "அவன் இல்ல! நான் வர்றேன். இப்பவே வர்றேன். அவன வுட்ருங்க!"

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு முஷ்டி எழுந்தது. அவள் உச்சந்தலையில் நறுக்கென்று ஒரே ஒரு குட்டு. மண்டை பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. விளையாட்டு விதிப்படி அவள் பங்கு அவ்வளவுதான் போலிருக்கிறது. அதற்குமேல் அவளை யாரும் தொடவில்லை.

வேந்தனைத் தலைகீழாக இழுத்தார்கள். தோள் விரிசலில் சிக்கியது. இழுத்த இழுப்பில் தோள் ஒடிந்து உள்ளே போனது. உடைந்த வாயால் அவன் கத்தினான், அக்கா, வுடாதக்கா என்று. அவள் விடவில்லை. கட்டுப் போட்ட காலை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்து, கட்டிலின் இரும்புக் காலில் தன் காலை முட்டுக்கொடுத்து, மல்லாந்து சாய்ந்து இழுத்தாள். மாவுக்கட்டு நொறுங்கியது. முழங்கால் முறிந்தது. இடுப்பு போனது. தொடை போனது. கத்தலின்மேல் தண்ணீர் மூடிக்கொண்டது. அவள் விடவில்லை. விடவே இல்லை.

சட்டென்று இழுப்பு நின்றது.

மழையும் விட்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன. ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். தரை மூடிக்கொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அப்பா காலத்தில் பூசியபடியே, வழவழப்பாக, காய்ந்து கிடந்தது. அதிலிருந்து கணுக்கால் அளவுக்கு ஒரு பாதம் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. ஒட்டியிருந்த மாவுக்கட்டுத் துண்டில் ராகேஷ் வரைந்த பைக்கின் ஒரு சக்கரம் இருந்தது. அவள் கைகள் இன்னும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

குழவியால் தரையை இடித்தாள். பொறி பறந்ததே தவிர ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. நகத்தால் பிறாண்டினாள். நகங்கள் பிய்ந்தன.

மூலையில் போன் ஒளிர்ந்தது. நளினி.

'மேடம், நீங்க சொன்ன மாதிரி மூணு தட்டிட்டேன். இப்போ எங்க வீட்டுத் தரைக்கு அடியில் தட்டுகிறார்கள். ரூபேஷ் வீட்டிலும்தானாம். அடுத்து என்ன செய்யணும்?'

யசோதரா திரும்ப அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குள் ஏதோ அசைந்தது.

பாதத்தின் விரல்கள். ரத்தம் வடிந்து நீலம் பாய்ந்த விரல்கள். கட்டைவிரல் மெல்ல மடங்கி, பக்கத்திலிருந்த கட்டிலின் இரும்புக் காலில் தட்டியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சற்றுத் தாமதமாக, ஐந்து.